ஸ்டீல் மவுண்டன் பைக்: பழைய ஃபிரேமா, புது ஃபிரேமா, நடுவில் ஒன்றா?

மவுண்டன் பைக் ஒன்று வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் கடைக்குப் போய் முழு சைக்கிளாகவே வாங்கிவிடுங்கள். கம்பெனிகள் உதிரிபாகங்களை ஆயிரக்கணக்கில் எடுக்கும் விலை நமக்கு ஒருநாளும் கிடைக்காது. எல்லாவற்றையும் புதிதாக, தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் அதே தரத்துக்குக் கூடுதலாகத்தான் ஆகும்.

பழைய பாகங்கள் உள்ளே வரும்போதுதான் கணக்கு மாறும். ஃபிரேம் ஸ்டீலாக இருந்தால் அது நம் பக்கம் நன்றாகவே சாயும். நான் இருக்கும் டொராண்டோ பக்கம் இணையத்தில் தேடினால் மூன்று தலைமுறை ஸ்டீல் ஃபிரேம்கள் கண்ணில் படும். 1990-களின் 26 அங்குலச் சக்கர ஃபிரேம்கள் ஒரு பக்கம். 2005 முதல் 2015 வரை வந்த, டிஸ்க் பிரேக் மாட்ட இடமுள்ள ஃபிரேம்கள் இன்னொரு பக்கம். அப்புறம் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் புது 29 அங்குல ஃபிரேம்கள். எது நல்லது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஃபிரேமின் பெயரையும் பெயின்ட்டையும் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது மூன்று இடங்களின் அளவை: ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) நுழையும் ஹெட் டியூப், கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) உட்காரும் பாட்டம் பிராக்கெட், பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடைவெளி. எந்தப் பாகத்தைப் பழசாக, மலிவாக வாங்கலாம், எதைப் புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த அளவுகள்தான்.

மூன்றில் பாட்டம் பிராக்கெட் தொல்லை இல்லாதது. அலுமினியமும் கார்பனும் அழுத்திப் பொருத்தும் பேரிங்குகளுக்குப் போய், விதவிதமான அளவுகளில் சிக்கிக்கொண்ட காலத்திலும் ஸ்டீல் ஃபிரேம்கள் பெரும்பாலும் பழைய ஆங்கில மரையிலேயே நின்றுவிட்டன. அகலம் 68 அல்லது 73 மி.மீ. வலது பக்கக் கப் மட்டும் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இதை மறந்து முழு பலத்தோடு இறுக்கிவிட்டு ‘துருப்பிடித்துவிட்டது’ என்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1993-இன் ஃபிரேமிலும் இன்று வந்த ஃபிரேமிலும் ஒரே புது பேரிங் செட்டைப் பூட்டலாம்.

பின் அச்சு அப்படியில்லை. பழைய ஃபிரேம்களில் 130, தொண்ணூறுகளில் 135, இப்போது ‘பூஸ்ட்’ என்ற பெயரில் 148 மி.மீ. இங்கே ஸ்டீலுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 130-ஐ மெல்ல விரித்து 135 ஆக்கினால் அது அப்படியே நிற்கும். அலுமினியத்தில் அந்த வேலையைச் செய்யக்கூடாது, விரிசல் விடும். ஆனால் 135-ஐ 148 ஆக்க ஸ்டீலிலும் முடியாது.

ஹெட் டியூப்தான் மூன்றிலும் முக்கியம். முன்பக்க ஃபோர்க் எது நுழையும் என்பதை அது சொல்லிவிடும். முழு பட்ஜெட்டில் தனியாக அதிக விலை உள்ள பாகம் பெரும்பாலும் ஃபோர்க்தானே.

1990-களின் 26 அங்குல ஃபிரேம்

கோனா, ராக்கி மவுண்டன், ஸ்பெஷலைஸ்டு, ட்ரெக், மாரின் என்று அந்தக் காலத்துப் பெயர்கள் எல்லாமே ஸ்டீலில் நல்ல ஃபிரேம்கள் செய்தவை. ஸ்டிக்கரை மட்டும் கவனமாகப் படியுங்கள். ‘குரோ-மோலி’ (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான ஸ்டீல்) என்று பெரிதாக எழுதி, கீழே பொடி எழுத்தில் ‘மூன்று பிரதான குழாய்கள்’ என்று போட்டிருந்தால், பின்பக்கக் குழாய்கள் சாதாரணக் கனத்த இரும்பு என்று அர்த்தம். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் சீட் போஸ்ட்டின் மேல் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சீட் டியூபின் வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ. உள்ளே 27.2 போஸ்ட் போகிறதென்றால் குழாயின் சுவர் கிட்டத்தட்ட 0.7 மி.மீ., நல்ல மெல்லிய குழாய். 25.4 போஸ்ட் என்றால் சுவர் 1.6 மி.மீ. அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

பார்க்கப் போகும்போது கையில் ஆறு எண் ஆலன் சாவி, ஒரு ஸ்பேனர், கொஞ்சம் நூல், ஒரு ஸ்கேல் இருந்தால் போதும். முதல் வேலை, சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பார்ப்பது. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் கிரீஸ் இல்லாமல் பல வருஷம் கிடந்தால் இரண்டும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் இன்னும் மோசம். போஸ்ட் அசையவில்லையா, விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெமும் அப்படித்தான். போஸ்ட் வந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து அடி வரைக்கும் பாருங்கள். உள்ளே செம்பட்டைப் பூச்சுபோல் துரு இருந்தால் பரவாயில்லை, ஏடு ஏடாக உரிந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் கடைசியில் போய்த் தேங்குவது பாட்டம் பிராக்கெட்டில்தான்.

அடுத்து, கீழ்க்குழாய் ஹெட் டியூபோடு சேரும் இடத்தில் அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். பெயின்ட் அலைஅலையாகச் சுருங்கியிருந்தால் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. பிறகு நூல். ஹெட் டியூபைச் சுற்றி எடுத்து, இரண்டு முனைகளையும் பின் அச்சின் இரு பக்கமும் இழுத்துக் கட்டி, சீட் டியூபுக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தைச் சரிசெய்துவிடலாம். ஐந்தாறு என்றால் ஃபிரேமே கோணல்.

இந்த வழியின் பெரிய லாபம், ஃபிரேமைத் தனியாகத் தேட வேண்டாம் என்பது. முழு சைக்கிளாகவே நூறிலிருந்து முந்நூறு டாலருக்குள் கிடைக்கும். புது செயின், பல்சக்கரம், கேபிள்கள், பிரேக் கட்டைகள், டயர் போட்டு, பேரிங்குகளைக் கழுவி கிரீஸ் வைத்தாலே ஓடும். வி-பிரேக் என்பது 1996-இல் ஷிமானோ கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கேன்டிலீவர் பிரேக் இருந்தால் அதே முளைகளில் வி-பிரேக்கைப் பூட்டலாம், ஆனால் லீவரும் மாற வேண்டும். பழைய லீவர் இழுக்கும் கேபிள் அளவு போதாது.

நஷ்டங்களும் கூடவே வரும். டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இருக்காது. டயர் 2.1 அங்குலத்துக்கு மேல் போவது கஷ்டம். அந்தக் காலத்து சஸ்பென்ஷன் ஃபோர்க்குகள் பலவற்றில் உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர்போன்ற கட்டைகள். அவை இப்போது பொடியாகியிருக்கும், மாற்றுப் பாகமும் கிடைக்காது. புதுசு மாட்டலாமா என்றால், இந்த ஃபிரேம்களின் வடிவம் குட்டையான ஃபோர்க்குக்காகப் போட்டது. ஃபோர்க்கின் நீளம் 20 மி.மீ. கூடினால் முன்பக்கக் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட்டும் மேலே ஏறும். அதனால் இதில் சஸ்பென்ஷன் ஆசையை விட்டுவிட்டு சஸ்பென்ஷன் இல்லாத ஸ்டீல் ஃபோர்க்கையே வைத்துக்கொள்வது நல்லது. டான் பள்ளத்தாக்கில் குரோதர்ஸ் வுட்ஸ் பாதைகளுக்கு இது தாராளமாகப் போதும். கெல்சோவின் சுண்ணாம்புக் கல் இறக்கங்களுக்குப் போதாது என்பது என் கருத்து. முடியாது என்றில்லை, மணிக்கட்டு வலிக்கும்.

இடைக்கால ஃபிரேம்

என் ஓட்டு 2005 முதல் 2015 வரை வந்த இந்த ஃபிரேம்களுக்குத்தான். சர்லி கராத்தே மங்கியின் பழைய பதிப்புகள், கோனா யூனிட், பிரிட்டனின் ஆன்-ஒன் இன்ப்ரெட், விஸ்லரின் குரோமேக் செய்த ஆரம்பகால ஹார்ட்டெய்ல்கள் (பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாதவை) எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும். பின் அச்சு பெரும்பாலும் 135, மரை போட்ட பாட்டம் பிராக்கெட், டிஸ்க் மாட்ட இடம் உண்டு. சிலவற்றில் 34 மி.மீ. ஹெட் டியூப், பிந்தியவற்றில் 44. இரண்டும் கிடைத்தால் 44-ஐ எடுங்கள். நேர்க்குழாய் ஃபோர்க்கும் அதில் போகும், கீழே தடித்து வரும் இன்றைய டேப்பர் ஃபோர்க்கும் போகும். ஹெட்செட்டை (ஃபோர்க் சுழலும் பேரிங் செட்) மட்டும் அதற்கேற்ப வாங்க வேண்டும். 34-இல் நேர்க்குழாய் மட்டுமே.

இந்தக் காலத்து ஃபிரேமுக்குப் பாகம் மலிவாகக் கிடைக்க ஒரு காரணம் இருக்கிறது. காசு செலவழிக்கும் ஆட்கள் எல்லாம் 148 மி.மீ. அச்சுக்கும் பன்னிரண்டு கியருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற 135 மி.மீ. சக்கரங்கள், ஒன்பது பத்து கியர் டெரெய்லர்கள் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்), 100 மி.மீ. ராக்‌ஷாக்ஸ் ரீபா ஃபோர்க்குகள் எல்லாம் வாங்க ஆளில்லாமல் கராஜ்களில் தொங்குகின்றன. தரத்தில் அவை இன்றைய நடுத்தர சாமானுக்குக் குறைந்தவை அல்ல.

இதில் கெட்டிக்காரத்தனமான வழி, பாகங்களைத் தனித்தனியாகத் தேடாமல் தானம் தரும் சைக்கிள் ஒன்றை வாங்குவது. 2010-ஐ ஒட்டி வந்த, நல்ல சாமான் போட்ட அலுமினிய ஹார்ட்டெய்ல் ஒன்றைப் பிடியுங்கள். ஃபிரேமில் விரிசல் இருந்தால் இன்னும் நல்லது, விலை குறையும். உங்கள் சைஸாகவும் இருக்க வேண்டியதில்லை. சக்கரம், ஃபோர்க், பிரேக், கிராங்க், டெரெய்லர், ஷிஃப்டர் எல்லாம் ஒரே குடும்பமாக, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிலையில் கிடைத்துவிடும். அந்த ஃபிரேமில் அழுத்திப் பொருத்திய பாட்டம் பிராக்கெட் இருந்தாலும், கிராங்க் ஷிமானோவின் 24 மி.மீ. அச்சு வகை என்றால் பிரச்சினை இல்லை. மரை போட்ட வெளிப்பேரிங் ஒரு செட் புதிதாக வாங்கினால் ஸ்டீல் ஃபிரேமில் அது உட்காரும். சீட் போஸ்ட் மட்டும் அநேகமாகப் பொருந்தாது.

ஃபோர்க்கில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். தானம் தரும் சைக்கிள் உங்களுடையதைவிடச் சின்ன சைஸ் என்றால், ஃபோர்க்கின் மேல்குழாயை அதற்குத் தக்கபடி குட்டையாக வெட்டியிருப்பார்கள். கணக்கு எளிது: உங்கள் ஹெட் டியூப் 120 மி.மீ., ஹெட்செட் மேலும் கீழுமாக 25, ஸ்டெம்மின் உயரம் 40 என்றால் குறைந்தது 185 மி.மீ. வேண்டும். 170-தான் இருக்கிறது என்றால் அந்த ஃபோர்க் இலவசமாக வந்தாலும் உங்களுக்கு உபயோகமில்லை. நீளம் சரி என்றால், பளபளக்கும் மேல்கால்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் ஆயில் கசியும். பின்பக்கம் பூச்சு தேய்ந்து வெளிறிப்போயிருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். இரண்டும் இல்லையென்றாலும் சீல், ஆயில் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே யோசியுங்கள்.

புது ஃபிரேம்

குரோமேக், சர்லி, பிரிட்டனின் கோட்டிக் போன்றவர்கள் இன்றும் ஸ்டீல் ஹார்ட்டெய்ல் ஃபிரேம்களைத் தனியாக விற்கிறார்கள். 29 அங்குலச் சக்கரம், 148 மி.மீ. அச்சு, 120 முதல் 150 மி.மீ. வரை சஸ்பென்ஷன், சாய்ந்த முன்கோணம். ஓட்டிப் பார்த்தால் இறக்கத்தில் இதன் அருமை தெரியும்; முதல் இரண்டு வகையும் பக்கத்தில் நிற்க முடியாது.

பணம்தான் இடிக்கிறது. ஃபிரேம் மட்டுமே ஆயிரம் கனடிய டாலரைத் தொடும், தாண்டும். கடையில் வாங்குவதால் ஒன்டாரியோவில் அதற்கு மேல் 13 சதவீதம் வரி. தனி ஆளிடம் பழசாக வாங்கும் சைக்கிளுக்கு அந்த வரி கிடையாது. நல்ல ஃபோர்க்கும் சக்கரங்களும் புதிதாக வாங்கினால் மொத்தம் மூவாயிரத்தை நெருங்கும். அந்தப் பணத்துக்கு நல்ல முழு சைக்கிளே கடையில் இருக்கிறது. புது ஃபிரேம் எடுத்தும் பட்ஜெட்டைக் கட்டுக்குள் வைக்க ஒரே வழி, ‘கழற்றிய’ சாமான். புது சைக்கிள் வாங்கிய மறுநாளே விலையுயர்ந்த சக்கரத்தை மாட்டிவிட்டு, கூட வந்ததை விற்கிறவர்கள் ஏராளம். ஓடாத பூஸ்ட் சக்கரங்களும் ஃபோர்க்குகளும் அப்படிக் கிடைக்கும். பொறுமை வேண்டும், சில மாதங்கள் ஆகலாம்.

ஸ்டீல் அதிர்வை உறிஞ்சும், ‘உயிரோட்டமாக’ இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2.4 அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் கிடைக்கும் மென்மைக்கு முன்னால் குழாய் வளைவதெல்லாம் கணக்கிலேயே வராது. எடையும் அலுமினியத்தைவிட அரை கிலோ, முக்கால் கிலோ கூடத்தான் இருக்கும். ஸ்டீலைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் காரணம் வேறு. பழசை நம்பி வாங்கலாம், வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் வெல்டிங் வைக்கலாம். மவுண்டன் பைக்கின் தொடக்கமே இப்படித்தான். 1970-களில் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் டமால்பைஸ் மலையில் இறங்கியவர்கள் 1930-களின் ஷ்வின் எக்செல்சியர் ஃபிரேம்களைத் தேடிப்பிடித்து, அதில் புது கியரும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் பூட்டினார்கள். அந்த ஃபிரேமை எடுத்ததற்குக் காரணம், தடித்த டயர் நுழைய அதில் இடம் இருந்தது. அவை உடையத் தொடங்கிய பிறகுதான் 1977-இல் ஜோ பிரீஸ் குரோ-மோலி குழாயில் இந்த வேலைக்கென்றே ஃபிரேம் செய்தார்.

எது புதுசு, எது பழசு

எந்த ஃபிரேமை எடுத்தாலும் சில பாகங்களில் சமரசம் கூடாது. அலுமினிய ஹேண்டில்பார் எத்தனை தடவை கீழே விழுந்தது என்று வெளியில் தெரியாது, உடையும்போது எச்சரிக்காது, புதுசுதான். பழைய கார்பன் பாகம் எதுவும் வேண்டாம். செயின், பல்சக்கரம், கேபிள், பிரேக் பேட், பாட்டம் பிராக்கெட் எல்லாம் தேயும் சாமான், அவையும் புதுசு. ஹைட்ராலிக் பிரேக்கைப் பழசாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஷிமானோவின் ஆரம்ப நிலை செட் புதிதாகவே மலிவு, பழசில் பிஸ்டன் கசிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். கேபிளில் இயங்கும் ஏவிட் பிபி7 கிடைத்தால் அதைப் பழசாகத் தாராளமாக வாங்கலாம். பழைய சக்கரத்தில் ரிம்மின் பக்கச் சுவர் உட்குழிந்திருந்தால் விடுங்கள், வெறும் கோட்டம் என்றால் பெண்டு எடுத்துக்கொள்ளலாம். கிராங்க்கில் பெடல் மரையைப் பாருங்கள், சதுர ஓட்டை வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள்; அந்த இரண்டும் சரியென்றால் அது இன்னும் இருபது வருஷம் ஓடும்.

கியரில் குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாக. ஷிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது கியர் டெரெய்லர்கள் ஒரே அளவுதான் கேபிளை இழுக்கும். மாற்றி மாற்றிப் போடலாம். மவுண்டன் பைக்குக்கான பத்து கியரில் அது மாறிவிட்டது. ஷிமானோவின் போட்டிக் கம்பெனியான ஸ்ராம் பெரும்பாலும் தனி வழி. அதனால் ஷிஃப்டரையும் (கியர் மாற்றும் லீவர்) டெரெய்லரையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். முன்னால் ஒரே பல்சக்கரம் போதும் என்று நினைத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள டெரெய்லர் வேண்டும், இல்லையென்றால் செயின் குதித்து வெளியே வரும். பழைய 135 மி.மீ. சக்கரத்தில் பெரும்பாலும் ஷிமானோவின் பழைய வகை ஃப்ரீஹப் (பின் பல்சக்கரங்கள் ஏறி உட்காரும் பகுதி) இருக்கும். அதில் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் பத்து கியர், 11-லிருந்து 48 பல் வரை, அப்படியே உட்காரும். ஷிமானோ டியோரின் பதினொன்று கியர் 11-51-உம் உட்காரும். அதே டியோரின் பன்னிரண்டு கியர் 10-51 உட்காராது, அதற்கு ஹப்பே மாற வேண்டும். புது கியர் செட்டைப் பழைய சக்கரத்தில் பூட்டுகிறவருக்கு நான் பத்து கியரைத்தான் சொல்வேன். விலை குறைவு, பதினொன்று, பன்னிரண்டு அளவுக்கு நுணுக்கமான அட்ஜஸ்ட்மென்ட்டும் கேட்காது.

ஆக, வேலைக்குப் போகவும் ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தாக்குப் பாதையில் ஒரு சுற்று வரவும் என்றால் தொண்ணூறுகளின் ஃபிரேம். என் கணக்கில் நானூறு டாலருக்குள் முடியும். உயரம் குறைந்தவர்களுக்கு 26 அங்குலச் சக்கரம் இன்னும் வசதிதான், 29-இல் சின்ன ஃபிரேம்கள் ஒட்டகச்சிவிங்கிபோல் ஆகிவிடும். வாரம் தவறாமல் காட்டுப் பாதைக்குப் போகிறவர், டர்ஹாம் காட்டில் நாள் முழுக்கச் சுற்றுகிறவர் என்றால் இடைக்கால ஃபிரேமும் தானம் தரும் சைக்கிளும், ஆயிரத்தைச் சுற்றி. ஆறடிக்கு மேல் உயரம், பாறை இறக்கம்தான் ஆசை என்றால் மட்டும் புது ஃபிரேம். அப்படியானவரிடம்கூட, கடையில் உள்ள முழு சைக்கிளை ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

தேடத் தொடங்க நவம்பர் நல்ல மாதம். பனி விழப்போகிறது, கராஜில் இடம் வேண்டும் என்று விற்கிறவர்கள் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். முதலில் ஃபிரேம், அதன் அளவுகளை எழுதிக்கொண்ட பிறகு ஃபோர்க்கும் சக்கரமும். பூட்டுவதற்கு முன் ஃபிரேமின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே துருத்தடுப்பு ஸ்பிரே அடித்து, எல்லாப் பக்கமும் புரட்டி, ஒரு இரவு வடிய விடுங்கள். சீட் போஸ்ட்டுக்குக் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.